அது அரிசியை மோப்பம் பிடிக்கவில்லை, அண்ணை

லண்டனில் பார்வையற்றோருக்கு நடமாட்டப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போன மாதம், புதிதாக வழிகாட்டி நாய் பெற்ற ஒரு அம்மாவோடு தமிழ்க் கடை ஒன்றுக்குப் போனேன். அவருக்கு ஒடியல் மா வேண்டும். இரண்டு பக்கமும் அரிசி மூட்டை அடுக்கிய ஒடுக்கமான வழி; நடுவில் யாரோ விட்டுப்போன தள்ளுவண்டி. நாய் அதற்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டது. எனக்கு அப்படியொரு சந்தோஷம், அதற்குத்தானே இத்தனை நாள் பயிற்சி! கடைக்காரருக்கோ அது அரிசியை மோந்து பார்ப்பதாகப் பட்டிருக்கிறது.

"இது சாப்பாட்டுச் சாமான் விக்கிற இடம். ஹெல்த்காரர் கண்டால் கடையைப் பூட்டிப்போடுவினம். நாயை வெளியில கட்டிப்போட்டு வரச்சொல்லுங்கோ அவவை."

என்னைப் பார்த்துச் சொல்கிறார். அந்த அம்மா பக்கத்தில்தான் நிற்கிறார், அவருக்கும் தமிழ்தான்.

இந்த 'ஹெல்த்காரர்' கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. உணவுச் சுகாதார விதி என்ன சொல்கிறது? உணவைத் தயாரிக்கும், கையாளும், சேமிக்கும் இடங்களுக்குள் வீட்டு விலங்கு வரக்கூடாது என்கிறது. அதாவது உங்கள் குசினி, பின்பக்க ஸ்டோர். வாடிக்கையாளர் நடக்கிற இடமும் சாப்பிடுகிற மேசையும் அதில் சேராது. குசினிக்குள் நாயை விடு என்று யாரும் கேட்கவில்லையே! உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது மறுபக்கத்துக்கு: வழிகாட்டி நாயோடு வருபவரைத் திருப்பி அனுப்பினால், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்கீழ் உங்கள்மேல் வழக்குப் போடலாம். "நாயின் அடையாள அட்டையைக் காட்டு" என்றும் மறிக்காதீர்கள். அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

ஊரில் நாய் என்றால் படலைக்கு வெளியே என்று வளர்ந்தவர்கள் நாம், அது விளங்குகிறது. ஆனால் இந்த நாய் மலசலம் கழிப்பதே "பிஸி பிஸி" என்று சொன்னால்தான். (சிவப்பு, பச்சை விளக்கு பார்த்து றோட்டைக் கடக்கும் என்றும் நினைக்கிறார்கள். இல்லை. வாகனச் சத்தம் கேட்டு, எப்போது கடப்பது என்று முடிவெடுப்பது மனிதர்தான்.)

மினிகாப் ஓடும் தம்பிமார்: நாயைக் கண்டதும் காரை எடுத்துக்கொண்டு போனால் 1,000 பவுண் வரை அபராதம். கூடுதல் காசும் கேட்கக்கூடாது. உண்மையிலேயே ஒவ்வாமை இருந்தால், மருத்துவச் சான்றோடு லைசென்ஸ் தருபவர்களிடம் விலக்குச் சான்றிதழ் எடுத்துக் காரில் தெரியும்படி வையுங்கள். வாயால் "அலர்ஜி" என்றால் எடுபடாது.

உங்களுக்கு நாயைக் கண்டால் பயமா? பயம் என்று நாயோடு வருபவரிடமே சொல்லுங்கள், நாயை மற்றப் பக்கம் பிடித்துக்கொள்வார். சேணம் பூட்டியிருக்கும்போது தடவவோ பிஸ்கட் நீட்டவோ வேண்டாம். அப்புறம், சனி ஞாயிறுகளில் கல்லாவில் நிற்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அந்தத் தள்ளுவண்டியையும் கொஞ்சம் ஓரமாக விடச் சொல்லுங்கள்.