பதினான்கு மாத்திரைகளும் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியும்: மாரடைப்பின்போது அரசு மருத்துவமனையில் உங்களுக்கு உரியவை

மாரடைப்பு என்று ஐயப்பட்டவுடன் தரப்படும் மாத்திரைகளையும், அதன்பின் பெரிய மருத்துவமனையில் போடப்படும் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். மாத்திரை விழுங்கியாயிற்று, வலியும் சற்றுக் குறைந்திருக்கிறது, இனி விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போவது இந்தக் குழப்பத்தின் விளைவுதான். எனவே இரண்டையும் தனித்தனியே விளக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2023 ஜூன் மாதம் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் வேளை மருந்துகள் இருப்பில் வைக்கப்படுகின்றன. நெஞ்சுவலியுடன் வருபவருக்கு ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் நான்கு, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் எட்டு என மொத்தம் 14 மாத்திரைகள் கட்டணமின்றித் தரப்படுகின்றன. ஒரே நேரத்தில் இத்தனை மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினால் யாரும் மிரளத்தான் செய்வார்கள். ஆஸ்பிரின் 300, குளோபிடோக்ரல் 300, அடோர்வாஸ்டாடின் 80 மில்லிகிராம் என்ற தொடக்க அளவை எட்டுவதற்காகவே இத்தனை எண்ணிக்கை. தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்களோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வது, அது விரைவாக ரத்தத்தில் கலப்பதற்காக. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களும், வயிற்றுப் புண்ணால் ரத்த வாந்தி எடுத்தவர்களும், மலம் கருத்துப் போனவர்களும் அதை விழுங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும், ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் மேலும் ஒட்டிக்கொண்டு உறைவு பெரிதாவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே இதயத்தின் ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கும் உறைவை இந்த 14 மாத்திரைகளில் எதுவும் கரைப்பதில்லை. மாத்திரை தரும் இடத்திலேயே இதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம் என்பது என் கருத்து. மாத்திரை கொடுத்த கையோடு 108 ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவது திட்டத்தின் மறுபாதி. அந்தப் பயணத்தைத் தவிர்த்தால் முன்பாதியின் பயனும் பெரும்பாலும் வீணாகிறது.

உறைவைக் கரைப்பது ஊசி மருந்து. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்பது 15 லட்சம் யூனிட் அளவில், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ரத்த நாளத்தின் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுவது. டெனெக்டெப்லேஸ், உடல் எடைக்கேற்ப அளவிட்டுச் சில நொடிகளில் ஒரே முறையாகச் செலுத்தப்படுவது. அண்மையில் எடை பார்த்த நினைவிருந்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். இரண்டும் 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளவை. இ.சி.ஜி.யில் குழாய் முழுவதுமாக அடைபட்டதற்கான குறிப்பிட்ட மாற்றம் தெரிந்தால் மட்டுமே இந்த ஊசி பயன் தரும். மற்ற வகை மாரடைப்புகளில் நன்மையின்றி ரத்தக்கசிவு ஆபத்தை மட்டுமே கூட்டும். ஆகவே "பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டார்கள், எங்களுக்கு ஏன் போடவில்லை?" என்ற கேள்விக்குப் பல நேரங்களில் இ.சி.ஜி. தாளே விடை. வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் போடலாம் என்றாலும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் அது முழுப் பலன் தருகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைபட்ட குழாயைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை) செய்ய இயலும் இடத்தில் இருந்தால், மருத்துவர்கள் ஊசியை விட்டு நேரடியாக அதையே தேர்ந்தெடுப்பார்கள்.

ஊசிக்கு முன் செவிலியரோ மருத்துவரோ அடுக்கடுக்காகக் கேள்விகள் கேட்பார்கள். எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டதா, சில மாதங்களுக்குள் பக்கவாதம் வந்ததா, தலையில் பலத்த அடி பட்டதா, அண்மையில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்ததா, வார்ஃபரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, கருவுற்றிருக்கிறாரா, வலி முதுகைக் கிழிப்பதுபோல் தொடங்கியதா என்பவை அவற்றுள் முக்கியமானவை. ரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைக்க வேண்டியிருக்கும். ஊசி கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, போன மாதம் வந்த பக்கவாதத்தை மறைத்துவிடும் உறவினர்கள் உண்டு. அந்த மறைப்பு உயிரைப் பறிக்கக்கூடும். முன்பு ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டுக்கொண்டவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உடலில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும் என்பதால், மறுமுறை அதே மருந்து பலிக்காமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம்.

பிறகு ஒப்புதல் படிவம் வரும். "ஊசிக்கு எதற்குக் கையெழுத்து?" என்று மகனோ மருமகளோ பேனாவைப் பிடித்தபடி தயங்குவது வழக்கமான காட்சி. ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இந்த ஊசியால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். 75 வயதைக் கடந்தவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அந்த வாய்ப்பு கூடுதல். அடைப்பை அப்படியே விடுவதன் ஆபத்து பெரும்பாலானோருக்கு அதைவிடப் பெரிது என்பதால்தான் மருத்துவர் ஊசியைப் பரிந்துரைக்கிறார். தாலுகாவில் இருக்கும் அண்ணனுக்கும் சென்னையில் இருக்கும் தம்பிக்கும் போன் போட்டுக் கலந்து பேசி முடிப்பதற்குள் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

பணத்தைப் பற்றிய தயக்கம் இந்த இடத்தில் வேண்டாம். அவசரச் சிகிச்சை தேவைப்படுபவருக்கு அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராமல் விடுவது, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்துள்ளது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பயன் பெறலாம். அடுத்து வரும் ஆஞ்சியோபிளாஸ்டி, ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) செலவை அதில் கோரலாம். காப்பீட்டு அட்டையைத் தேடி வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். நோயாளியை அதற்காகக் காக்க வைக்காதீர்கள்.

ஊசிக்குப் பின் ஈறிலோ ஊசி குத்திய இடத்திலோ சிறிது ரத்தம் கசிவது எதிர்பார்க்கக்கூடியதே. கடும் தலைவலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, ரத்த வாந்தி, திடீர் உறக்கக் கலக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த நொடியே செவிலியரைக் கூப்பிட வேண்டும். 60 முதல் 90 நிமிடங்களுக்குள் மீண்டும் இ.சி.ஜி. எடுப்பார்கள். அதில் முன்னேற்றம் தெரியாவிட்டால் உடனடியாகவும், தெரிந்தால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள்ளும் ஆஞ்சியோகிராம் (குழாயின் அடைப்பைக் காட்டும் எக்ஸ்ரே சோதனை) செய்யும் மருத்துவமனைக்கு மாற்றப்பட வேண்டும். உறைவு கரைந்தாலும், அது உருவாகக் காரணமான கொழுப்புப் படிவு குழாயில் அப்படியே இருக்கிறது. வலி நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவதில் உள்ள ஆபத்து இதுவே. வீடு திரும்பும் நாளில் தரப்படும் சீட்டில் எந்த ஊசி, எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.