கிளப்பில் ஆட வைத்த இசை வீட்டில் ஏன் சப்பென்று ஆகிறது?

எலக்ட்ரானிக் நடன இசையை வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்க முடியாது, சீக்கிரம் அலுத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த அலுப்பில் பெரும்பங்கு இசையால் வருவதில்லை, கேட்கிற விதத்தால் வருகிறது.

ஹவுஸ், டெக்னோ என்ற இரண்டு நடன இசை வகைகளுக்கும் முதுகெலும்பு கிக் டிரம், அதாவது 'தும் தும்' என்று விழும் தாழ்ந்த டிரம் அடி. அதன் அடிநாதம் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸை (நொடிக்கு 50, 60 அதிர்வுகளை) ஒட்டி இருக்கும். அந்தத் தாழ்ந்த ஒலிகளில் நம் காது மந்தம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி சில டெசிபலிலேயே கேட்டுவிடும்; 50 ஹெர்ட்ஸ் கேட்க 40 டெசிபலுக்கு மேல் வேண்டும். சத்தம் கூடக் கூட இந்த வித்தியாசம் சுருங்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். ஆக, வால்யூமைக் குறைத்தால் எல்லாம் ஒரே அளவில் குறைவதில்லை, பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிதான் முதலில் காணாமல் போகிறது. போன் ஸ்பீக்கரில் கேட்டால் இன்னும் மோசம்: நெஞ்சில் மோத வேண்டிய கிக், மேசையில் விரலால் தட்டுகிற சத்தமாகிவிடும். நல்ல ஹெட்போன் போட்டால் காதுக்கு பேஸ் திரும்பிவிடும், உடம்பு உணரும் அதிர்வு மட்டும் வராது.

அப்புறம், இந்த டிராக்குகளின் நீளமான தொடக்கமும் முடிவும். ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்கு டிஜே மாறுவதற்காக விடப்பட்ட வெறும் தாளம் அது. நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில் 32 பார் (ஒரு பாருக்கு நான்கு அடி) என்றால் சரியாக ஒரு நிமிடம். சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது நீண்ட நேரம்தான்.

சரி, டிராப், அதாவது ஏறிக்கொண்டே போன இசை உடைந்து தாளமும் பேஸும் முழு வேகத்தில் இறங்கும் கணம், எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் சுவை போய்விடாதா? 2011-ல் மாண்ட்ரியாலில் நடந்த மூளை ஸ்கேன் ஆய்வில், சிலிர்ப்பு வரும் கணத்துக்கு முன்பே, எதிர்பார்ப்பிலேயே டோபமைன் (இன்ப உணர்வோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள்) சுரப்பது தெரிந்தது. அங்கே கேட்கப்பட்டவை அவரவர் தேர்ந்தெடுத்த, நன்றாகப் பழகிய இசைத் துண்டுகள். தெரிந்திருப்பது சுவையைக் கெடுக்கவில்லை.

டிராப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத டிராக்தான் சீக்கிரம் அலுக்கிறது. மாறாத ஒலியை மூளை மெல்ல ஒதுக்கிவிடும். சின்ன மாற்றம் வந்தால் கவனம் மறுபடி விழித்துக்கொள்ளும். ரோலண்ட் 1981-ல் வெளியிட்ட டிபி-303 என்ற பேஸ் சின்தசைசரை வைத்துச் செய்த ஆசிட் ஹவுஸ் என்ற ஹவுஸ் வகையைக் கேளுங்கள். அதே 16 படிச் சுரவரிசைதான் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் யாரோ ஃபில்டர் குமிழை, அதாவது ஒலியின் மேல்பகுதியை வெட்டியும் திறந்தும் விடும் குமிழைத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள். மேல்சுரங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகின்றன, மழுங்கிய முனகல் கீச்சென்ற கூவலாகிறது. முதல் தடவை தாளத்தில் தவறவிட்ட இந்த அசைவை ஐந்தாவது தடவைதான் காது பிடிக்கிறது. என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட இசைக்கு வீடுதான் பொருத்தமான இடம்.