கம்பெனி லேப்டாப்பை வாங்குகிறவர் ஐடி பிரிவின் வேலையையும் சேர்த்தே வாங்குகிறார்

அல்சூரில் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்துகொடுக்கும் ஒருவர், அண்மையில் தம்முடைய டெல் லாட்டிட்யூட் லேப்டாப்பை பெங்களூர் எஸ்.பி. சாலையில் உள்ள என் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவந்தார். எக்செல் கோப்பு திறக்கவே இரண்டு நிமிடம் ஆகிறது என்றும், மதர்போர்டு போய்விட்டது என்று வேறொரு கடையில் சொல்லிவிட்டார்கள் என்றும் வருத்தப்பட்டார். நான் அதை ஆன் செய்தபோது, சார்ஜரின் வகையையும் வாட் அளவையும் கண்டறிய முடியவில்லை என்ற அறிவிப்பு திரையில் வந்தது. “அது மூணு வாரமா வருதுங்கண்ணா, ஒரு பட்டனை அழுத்தினா போயிடும்” என்றார்.

டெல்லின் உருண்டை முனைச் சார்ஜரில், நடுவே ஊசி போல ஒரு மெல்லிய பின் இருக்கும். லேப்டாப்பை ஓட்டும் மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. இது இத்தனை வாட் சார்ஜர் என்ற தகவல் மட்டுமே வருகிறது. அந்தப் பின் முறிந்தால் லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது. எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று தெரியாததால் பிராசஸரும் தன் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். அவருடைய சார்ஜரில் பின் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. வேறு சார்ஜரைச் செருகியதும் அதே கோப்பு சட்டென்று திறந்தது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக், லெனோவோ திங்க்பேட் ஆகியவை நிறுவனங்களை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை. இத்தகைய அறிவிப்பைப் படிக்கவும், பூட்டுகளையும் கடவுச்சொற்களையும் வைத்துக்கொள்ளவும் அங்கே ஐடி பிரிவில் ஆள் இருப்பார். நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்துக்கட்டும் இந்த லேப்டாப்புகள் பெங்களூரில் மலிவாகக் கிடைக்கின்றன. உறுதியானவை, கழற்றி மாட்டவும் எளிதானவை. திங்க்பேடின் பராமரிப்புக் கையேட்டை லெனோவோ இணையத்தில் இலவசமாகவே தருகிறது. என் வீட்டில் ஓடுவதும் அப்படியொன்றுதான். ஆனால் வாங்கிய நாள்முதல் அந்த ஐடி ஆள் நாம்தான் என்பதை விற்பவர் யாரும் சொல்வதில்லை.

முதல் வேலை வாங்கும்போதே இருக்கிறது. விற்பவர் கண்ணெதிரில் லேப்டாப்பை அணைத்து, மீண்டும் ஆன் செய்து, டெல் என்றால் எஃப்2, திங்க்பேட் என்றால் எஃப்1, எச்பி என்றால் எஃப்10 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால், அதை அவர் நீக்கித் தரும்வரை பணம் கொடுக்காதீர்கள். திங்க்பேடில் பயாஸைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தொலைந்தால், மதர்போர்டை மாற்றுவதே லெனோவோ சொல்லும் வழி. அடுத்த பூட்டு கண்ணுக்கே தெரியாது. முந்தைய நிறுவனம் அந்த லேப்டாப்பை, நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புகளை இணையம் வழியே அமைத்துக்கொள்ள உதவும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட்டில் பதிந்து வைத்து, விற்கும்போது நீக்க மறந்திருந்தால், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும், அமைப்பு வேலையின்போது இணையத்தில் இணைந்தவுடன் அந்த நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை வந்து நிற்கும். அதை முறைப்படி விடுவிக்க அந்த நிறுவனத்தாலேயே முடியும். ஆகவே, விண்டோஸ் போட்டுத் தயாராக இருக்கிறது என்று காட்டினால் மயங்காமல், வைஃபையில் இணைத்து ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போகும்; போகட்டும்.

பிராசஸர் எண்ணையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் கோர் வரிசையில் சில விதிவிலக்குகள் தவிர, 8ஆம் தலைமுறை முதல்தான் முறைப்படி ஏற்கும். ஐ5-7300யூ என்று இருந்தால் அது 7ஆம் தலைமுறை, ஐ5-8250யூ என்றால் 8. விலை திடீரென்று இறங்கியிருப்பதன் காரணம் பெரும்பாலும் அந்த ஓர் இலக்கத்தில்தான் இருக்கும்.

வாங்கியபின் என்னிடம் மிகுந்த மனவேதனையோடு வருகிறவர்கள் பிட்லாக்கரில் மாட்டியவர்கள். டிஸ்கில் உள்ளவற்றைக் குறியாக்கம் செய்து, அதைத் திறக்கும் சாவியை மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் காவலில் வைக்கும் ஏற்பாடு அது. மதர்போர்டை மாற்றினால் நிச்சயமாகவும், பயாஸைப் புதுப்பித்தால் சில வேளைகளிலும், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுத் திரை நீலமாக நின்றுவிடும். சாவி இல்லையென்றால் என்னாலும் திறக்க முடியாது. திறந்துதருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்பவும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் லேப்டாப்புக்கான சாவி அங்கே இருக்கிறதா என்று இன்றே பார்த்து, அதைக் காகிதத்தில் எழுதி, லேப்டாப் பையில் வைக்காமல் பீரோவில் வையுங்கள்.

திரையே வராத நிலையிலும் லேப்டாப் பேசிக்கொண்டுதான் இருக்கும். பல லாட்டிட்யூட் மாடல்களில் மஞ்சள் விளக்கு இரண்டு முறையும் வெள்ளை விளக்கு மூன்று முறையும் மினுங்கினால், ரேம் கண்ணில் படவில்லை என்று பொருள். பெரும்பாலும் கழற்றித் துடைத்து மாட்டினாலே சரியாகிவிடும். எண்ண வராவிட்டால் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் எண்ணிக்கொள்கிறேன். வருவதற்கு முன், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அதிலேயே உயிர் பெற்று எழுந்தவை பல.

பேட்டரியில் மட்டும் சோதனை எதுவும் வேண்டாம். நாள் முழுதும் சார்ஜரில் கிடக்கும் லேப்டாப் என்றால், பயாஸிலோ லேப்டாப்பைத் தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளிலோ சார்ஜ் உச்ச வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்திவையுங்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். மேசையில் வைக்கும்போது லேப்டாப் ஆடினாலோ, டச்பேட் அழுந்த மறுத்து மேலே தூக்கிக்கொண்டாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். சிவாஜிநகரிலிருந்து வந்த ஓர் அம்மா, மூடி பொருந்தவில்லை என்று அதன்மேல் ஒரு வாரம் அரிசி டப்பாவை ஏற்றி வைத்திருந்தார். அப்படி அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக்கூடாது. அணைத்து, எளிதில் தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, அன்றைக்கே பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.