குக்ரி உறை ஆடத்தான் செய்யும், இறுக்காதீர்கள்

உள்ளங்கையில் கட்டோடு இன்னொருவர் வந்துவிட்டார். கூர்க்கா படையின் பழைய மாதிரியில் செய்த குக்ரி, அதாவது நேபாளத்து வளைந்த கத்தி, காட்மாண்டுவில் வாங்கியது. கூடவே கொடுத்த உறை லொடலொடவென்று ஆடியதாம். உறையின் வாயில் உட்பக்கமாக ரெக்சினை ஒட்டி இறுக்கியிருக்கிறார். அப்புறம் கத்தி வெளியே வர மறுத்திருக்கிறது. இடது கையால் உறையைக் கொத்தாகப் பிடித்து, வலது கையால் வெடுக்கென்று இழுத்திருக்கிறார். நான்கு விரலும் கூர்ப்பக்கம். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

கத்தி உறை தைப்பது என் தொழில். ஆள்தான் மாறுகிறார், கதை மாறுவதில்லை. ‘இறுக்கமாக இருந்தால்தானே சார் பத்திரம்?’ என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்கிறார்கள். இல்லை. குக்ரி விஷயத்தில் அது நேர் தலைகீழ்.

கத்தியை மேஜைமேல் வைத்து ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பிடியை ஒட்டி அலகு ஒடுங்கியிருக்கிறது. வளைவைத் தாண்டியதும் வயிறு அகலமாகி, நுனியில் மறுபடி குறுகுகிறது. அந்த அகன்ற வயிறு உறையின் வாய் வழியாகத்தானே உள்ளே போயாக வேண்டும்? அப்படியானால் வாய், வயிற்றின் அளவுக்கு இருந்தே தீரும். கத்தி முழுக்க உள்ளே போனபின் வாயில் நிற்பதோ ஒடுக்கமான கழுத்து. சுற்றி இடைவெளி இருக்கும். கொஞ்சம் ஆடும். அது உறை செய்தவரின் குறை இல்லை, கத்தியின் வடிவம் அப்படி. வாயை அடைத்தால் வயிறு அங்கே வந்து சிக்கும். சிக்கினால் பலம் போட்டு இழுப்பீர்கள். பலம் போட்டு இழுக்கும் கத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்பது உங்கள் கையில் இல்லை.

நேபாளத்து உறைக்குள் இரண்டு மெல்லிய மரப் பாதிகள் இருக்கும். அவற்றைச் சேர்த்து மேலே தோல் போர்த்தியிருப்பார்கள். மரபுப்படி அலகை அடிப்பவர்கள் காமி சமூகத்தார், தோல் வேலை சார்க்கி சமூகத்தாருடையது. அந்தந்தக் கத்திக்கு அளவெடுத்துச் செய்வது. அதனால்தான் இணையத்தில் ‘12 அங்குலக் குக்ரி உறை’ என்று நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினால் பொருந்துவதில்லை. கையால் அடித்த இரண்டு கத்திகளின் வளைவு ஒன்றாக இருக்காது.

அந்த மரப் பாதிகள் சேரும் விளிம்பு ஒன்று கூர்ப்பக்கம் இருக்கிறது பாருங்கள், பலவீனமான இடம் அதுதான். ஒவ்வொரு முறை உருவும்போதும் கூர் அங்கே உரசினால் மரம் கீறிப் போகும், பிறகு தோலும் விட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மரமே இல்லாமல் வெறும் தோலை மடித்துத் தைத்த மலிவு உறை என்றால் இன்னும் மோசம். கூருக்கும் தையலுக்கும் நடுவில் தடித்த தோல் பட்டை ஒன்று வைத்துத் தைக்கவில்லை என்றால் அதை வாங்கவே வாங்காதீர்கள்.

உருவும் முறை இதுதான். உறையை முதுகுப் பக்கத்திலிருந்து பிடியுங்கள். விரல்கள் இரு பக்கத்திலும் தட்டையாக இருக்கட்டும், கூர்ப்பக்கம் சுற்றி வரக் கூடாது. அலகின் முதுகு உறையின் முதுகோடு உரசி வரும்படி, வளைவுக்கு ஏற்ப மெதுவாக எடுங்கள். ஜப்பானியர்கள் கத்தானாவை இடுப்பில் செருகும்போது கூர் மேலே பார்த்திருக்கும். அங்கேயும் உறையில் படிவது முதுகுதான்.

‘நகல்தானே, மழுங்கல்’ என்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் சாணை பிடிப்பவர்களும் அதே ஆட்கள்தான். இன்னும் சிலர், உருவினால் ரத்தம் காட்டாமல் உறையில் போடக் கூடாதாமே என்று பயபக்தியோடு கேட்கிறார்கள். நேபாளத்து மலைக் கிராமங்களில் விறகு வெட்டுவதும் காய் நறுக்குவதும் அந்தக் கத்தியால்தான். வேறு கதை இருந்தால் சொல்லுங்கள்.

ரொம்பவும் ஆடுகிறதென்றால் எடுத்து வாருங்கள். அலகில் லேசாகக் கரி பூசி உள்ளே விட்டு எடுத்தால், மரத்தில் எங்கே தொடுகிறது என்று கறை காட்டிவிடும். தொட வேண்டிய இடத்தில் மெல்லிய மரச்சில்லு, தொடக் கூடாத இடத்தில் சீவல். பொறுமையான வேலை. ரெக்சினும் ரப்பர் பசையும் இதைச் செய்யாது.

புதிதாகத் தைப்பதானால் குரோம் உப்பில் பதனிட்ட தோல் வேண்டாம். சென்னைப் பெரியமேட்டுத் தோல் கடைகளில் மரப்பட்டையில் பதனிட்ட தோல் என்றே கேட்டு வாங்குங்கள். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்டு ஏற்றுமதியான நம் ஊர்த் தோலின் வகை அது. விறைப்பாக நிற்கும், ஈரப்படுத்தி வடிவம் பிடிக்கலாம். ஆனால் எந்தத் தோலானாலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் கத்தியை மாதக்கணக்கில் உறைக்குள்ளேயே விட்டால் அலகில் துருப் புள்ளி விழும், பித்தளைப் பூணில் பச்சை பிடிக்கும். உறை எடுத்துச் செல்வதற்குத்தான். அலகில் எண்ணெய் தடவித் துணியில் சுற்றித் தனியே வையுங்கள்.

இன்னொன்று. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுதச் சட்ட விதிகள் குறுக்கே வரலாம். குக்ரியை அந்த விதிகள் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. உங்கள் பகுதியில் உரிமம் தேவையா என்று காவல் நிலையத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். உறை இருப்பதால் சட்டம் விட்டுவிடாது.

ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செல்போன் படம் போதாது. கத்தியை அட்டைமேல் படுக்க வைத்து, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றிலும் வரைந்து, வயிற்றின் அகலத்தையும் முதுகின் தடிமனையும் எழுதி அனுப்புங்கள். வலக்கையா இடக்கையா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.