ஃபோட்டான்: ஒளியணுவா, ஒளித்துகளா, ஒளியனா?

குவாண்டம் ஒளியியலைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஃபோட்டான் என்ற சொல் வழிமறிக்கும். ஒளியின் ஆற்றல் பொட்டலம் ஒன்றுக்குப் பெயர் அது. ஒருவர் ஒளியணு என்கிறார், இன்னொருவர் ஒளித்துகள் என்கிறார், ஒளியன் என்பவர்களும் உண்டு, பலர் ஃபோட்டான் என்றே எழுதிவிட்டு நகர்கிறார்கள்.

முதலில் சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் 'ஃபோஸ்' என்றால் ஒளி. அதன் வேர் 'ஃபோட்'. அதோடு எலக்ட்ரானில் இருக்கிற 'ஆன்' ஈறு சேர்ந்தது. 1905இல் ஐன்ஸ்டைன் ஒளியின் ஆற்றல் பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்று எழுதியபோது ஒளிக்குவாண்டம் என்றுதான் சொன்னார், ஃபோட்டான் என்ற பேச்சே அவரிடம் இல்லை. அந்தப் பெயரை இயற்பியலில் நிலைக்க வைத்தது 1926இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கடிதம். எழுதியவர் கில்பர்ட் லூயிஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர். அவர் மனதில் இருந்தது வேறு பொருள்: ஆக்கவும் முடியாத, அழிக்கவும் முடியாத ஒரு புதுவகை அணு. அந்தக் கருத்து தவறு. விளக்கைப் போட்டால் ஃபோட்டான் பிறக்கிறது, சுவரில் பட்டு உட்கவரப்பட்டால் இல்லாமல் போகிறது. கருத்து போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அடுத்த ஆண்டே, இயற்பியலாளர்கள் கூடிய 1927 சால்வே மாநாட்டின் தலைப்பில் எலக்ட்ரானோடு ஃபோட்டானும் ஏறிவிட்டது.

இதனால்தான் 'ஒளியணு' எனக்கு ஒப்பவில்லை. அது லூயிஸின் தவறான ஃபோட்டானுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. எலக்ட்ரானுக்கு மின்னணு என்ற சொல் புழங்குகிறதே, அதே வழியில் இதையும் ஏற்கலாமே என்பார்கள். மின்னணுவியல் ஊன்றிவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அணு ஒளியை உமிழ்கிறது என்று பாடம் நடத்தும்போது 'அணு ஒளியணுவை உமிழ்கிறது' என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பிள்ளை என்ன நினைக்கும்?

சரி, ஒளித்துகள்? மணல்போலப் பறக்கும் குண்டுமணிகள் என்ற படம் இதில் ஒட்டிக்கொண்டே வரும். ஒரு மில்லிவாட் பச்சை லேசரிலிருந்து நொடிக்குச் சராசரியாக 2,700 லட்சம் கோடி ஃபோட்டான்கள் வெளிவருகின்றன. ஆனால் அது மணிகளை வரிசையாக எண்ணிப் போடுவது போன்றதல்ல, லேசர் ஒளியில் ஃபோட்டான் எண்ணிக்கையே உறுதியாக இருக்காது, சராசரியைச் சுற்றி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் இயற்பியலாளர் ஈ.சி.ஜி. சுதர்சனை நினைக்காமல் இருக்க முடியாது. கோட்டயம் பக்கத்துப் பள்ளத்தில் 1931இல் பிறந்தவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தவர். ஒளியை ஓரியல் நிலைகளின் (coherent states, சீரான லேசர் ஒளியைப் போன்ற நிலைகள்) கலவையாக எழுதலாம் என்று 1963இல் காட்டினார். சாதாரண விளக்கொளிக்கு அந்தக் கலவையின் எடைகள், அதாவது ஒவ்வொரு நிலைக்கும் உள்ள பங்குகள், நிகழ்தகவுபோலவே நடந்துகொள்கின்றன. ஒரே ஒரு ஃபோட்டான் மட்டும் உள்ள ஒளிக்கோ அந்த எடைகளை நிகழ்தகவாக வாசிக்கவே முடியாது. அதாவது ஃபோட்டானின் தனித்தன்மை அது குட்டியாக இருப்பதில் இல்லை, இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இதே துறையில் அமெரிக்க இயற்பியலாளர் ராய் கிளாபருக்கு 2005இல் நோபல் கிடைத்தது, சுதர்சனுக்குக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அந்தத் தனித்தன்மை சோதனையிலும் தெரிந்தது: 1977இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கிம்பிள், டாகனே, மாண்டல் மூவரும் சோடியம் அணுக்கள் உமிழ்ந்த ஒளியில் ஃபோட்டான்கள் ஒன்றையொன்று ஒட்டி வராமல் விலகி வருவதை அளந்தே காட்டினார்கள். ஓர் அணு ஒன்றை உமிழ்ந்துவிட்டால் மறுபடி ஆற்றல் ஏறிய பிறகுதான் அடுத்ததை உமிழ முடியும், அவ்வளவுதான் காரணம்.

ஆகவே என் தேர்வு ஒளியன். 'அன்' ஆண்பால் ஈறு ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். கட்டுவிரியனும் கொம்பேறிமூக்கனும் ஆண்பாம்பை மட்டுமா குறிக்கின்றன? பன்மையில் ஒளியன்கள், ஒளியர் அல்ல. இதில் அணுவும் இல்லை, துகளும் இல்லை. ஒளி சார்ந்த ஒன்று என்பதற்கு மேல் எந்தப் படத்தையும் முன்கூட்டியே திணிக்காது.

அப்புறம் ஃபோட்டானிக்ஸ். 1960இல் லேசர் வந்தபின் எலக்ட்ரானிக்ஸைப் பார்த்து அமைந்த சொல் அது. ஒளியை உண்டாக்கி, கண்ணாடி இழையில் கடத்தி, கண்டறியும் தொழில்நுட்பம். ஒளியனியல் எனலாம். வாயால் சொல்லும்போது ஒளியியலோடு குழம்பும், உண்மைதான். வகுப்பில் பேசும்போது ஃபோட்டானிக்ஸ் என்றே சொல்லுங்கள், எழுத்தில் 'ன' காப்பாற்றும்.