ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்து வைக்க முன்

விவசாயப் போதனாசிரியராக 27 வருடம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களுக்குள் திரிந்தவன் நான். சேவையில் இருந்தபோது அரசியல் பேச முடியாது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டதால் இதை எழுதுகிறேன்.

முன்பொரு தேர்தல் நேரம். வெங்காயம் நட்டு மூன்று கிழமை இருக்கும். ஒரு கமக்காரர் அமைப்பின் தலைவர் ஒரு கடிதத்தோடு வந்தார். "ஐயா, எழுத்துப் பிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாத்துத் தாங்கோ." அங்கத்தவர் குடும்பங்கள் எல்லாம் இன்ன வேட்பாளரை ஆதரிக்கின்றன என்று அதில் எழுதியிருந்தது. கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டேன். "கூட்டம் வைக்கேல்லை ஐயா. ரெண்டு தண்ணி மோட்டர் தாறன் எண்டவர்" என்றார்.

மோட்டர் வந்தது. ஒன்று தலைவர் வீட்டிலும் மற்றது செயலாளரின் மச்சான் வீட்டிலும் நின்றது. அடுத்த போகத்தில் வெங்காய விலை விழுந்து, கிண்டும் கூலிக்கும் கட்டாது என்று சனம் தறையிலேயே விட்டபோது, வென்றவரைத் தேடிப் போனார்கள். "உங்களுக்குத்தானே மோட்டர் தந்தனான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தவன் நான். அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

கமக்காரர் சேர்ந்து ஒரு வேட்பாளரை ஆதரிப்பதில் பிழை இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் விவசாயிகள் அமைப்பான மிச்சிகன் ஃபார்ம் பியூரோ, தேர்தல் வரும்போது சில வேட்பாளர்களை 'விவசாயத்தின் நண்பர்' என்று வெளிப்படையாக அறிவிக்கிறது. அதற்கென்று அக்ரிபாக் என்ற தனிக் குழு வைத்திருக்கிறார்கள். அந்த 'தனி' என்பதை நாங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் கமக்காரர் அமைப்புகள் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவானவை. உரமோ நட்டஈடோ வந்தால் எல்லாக் கட்சிக்காரரும் அங்கேதான் வரவேண்டும். அதன் கடிதத் தலைப்பில், அதன் முத்திரையோடு ஒருவருக்கு ஆதரவு கொடுத்தால் மற்றக் கட்சிக்கு வாக்களித்த குடும்பம் அடுத்த கூட்டத்துக்கு எப்படி வரும்? ஆதரிக்க விரும்புகிறவர்கள் தங்கள் பெயரில், தனிக் குழுவாகச் செய்யட்டும். அமைப்பு கேள்வி கேட்கட்டும், பதிலை ஊருக்குச் சொல்லட்டும்.

சரி, என்ன கேட்பது? முதலில் அவர் எந்தக் கதிரைக்கு நிற்கிறார் என்று பாருங்கள். பிரதேச சபைக்கு நிற்பவர் இந்திய வெங்காயத்தை நிறுத்துவேன் என்றால் அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. இறக்குமதி வரி கொழும்பில், வர்த்தமானியில் ஏறி இறங்குவது. 1970 தொடக்கம் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியில் மிளகாய், வெங்காய இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது எங்கள் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். (பாணுக்கு வரிசையில் நின்றதும் அதே காலம்தான், அதையும் மறக்கக் கூடாது.) 1977 இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் அதே தோட்டங்கள் விலையில் அடிபட்டன. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் தடுத்தார்கள். நவம்பரில் அதை விலக்கும்போது ஒரு போகமே குழம்பிவிட்டது. பாராளுமன்றத்துக்கு நிற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: எங்கள் உருளைக்கிழங்கு கிண்டும் மாதங்களில் வரியைக் குறைக்க வந்தால் எழுந்து பேசுவீர்களா? வலிகாமம் வடக்கில் போரால் 1990 இல் விட்டுவந்த தோட்டக்காணிகளில் இன்னும் திரும்பாதவற்றுக்கு என்ன செய்வீர்கள்? ஏற்கெனவே பாராளுமன்றத்தில் இருந்தவர் என்றால் வாக்குறுதி தேவையில்லை. அங்கே என்ன பேசினார், எதற்குக் கை உயர்த்தினார் என்பது பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டில் இருக்கிறது. படித்த பிள்ளை ஒன்றை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரதேச சபைக்கு நிற்பவரிடம் கேட்கவேண்டியது, சந்தையில் நிறுவையில் வெட்டும் 'கழிவு' பற்றி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், ஏனென்றால் சின்னத் தோட்டக்காரரின் வயிற்றில் நேரே அடிப்பது இதுதான். மருதனார்மடமோ சுன்னாகமோ திருநெல்வேலியோ, பத்துக் கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனால் ஒன்பது கிலோவுக்குக் காசு தரும் பழக்கம் எங்கள் சந்தைகளில் ஊறிப்போனது. மண் இருக்கும், ஈரம் இருக்கும், வாடும் என்று காரணம் சொல்வார்கள். கழுவித் தெரிந்து கடகத்தில் அடுக்கிக்கொண்டு போன கரட்டுக்கும் அதே கழிவுதான். பத்துப் பரப்புச் செய்கிறவருக்கு ஒரு பரப்பின் விளைச்சல் சும்மா போகிறது. அந்த ஒரு பரப்புக்கும் அவர்தான் உழுதார், இறைத்தார், மருந்தடித்தார். கழிவு எடுக்கக் கூடாது என்று கூட்டங்களில் தீர்மானம் எடுத்த கதைகள் நிறைய. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குத் தராசடியில் நிற்கும் மனிசனிடம் அந்தத் தீர்மானம் போய்ச் சேருவதில்லை.

சபை நினைத்தால் சேரும். சந்தை சபையுடையது, அதைக் குத்தகைக்கு விடுவதும் சபைதான். கழிவு எடுக்கக் கூடாது என்பதைக் குத்தகை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதலாம். சபையின் தராசு ஒன்றைப் பொதுவில் வைக்கலாம். சந்தை கூடும் நேரத்தில் ஓர் உத்தியோகத்தரை நிறுத்தலாம். இதைச் செய்வீர்களா, எத்தனை மாதத்துக்குள் என்று கேட்டால் மழுப்ப முடியாது. தோட்டத்துக்கு லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் போகும் ஒழுங்கை, மாரித் தண்ணி ஓடும் வாய்க்கால், தூர்ந்துபோன குளம் எல்லாம் அப்புறம்.

தண்ணீரை எந்தக் கதிரைக்காரரிடமும் கேட்கலாம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான். சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைத்தண்ணீரைத்தான் குடிக்கிறோம், அதையேதான் இறைக்கிறோம். யூரியா மானியம் தருவேன் என்கிறவர், கூடிப்போன யூரியா கிணற்றுக்குள் நைத்திரேற்றாக இறங்குவதைப் பற்றியும் பேசவேண்டும். பேசாதவர் தோட்டத்தை இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை என்பது என் கணிப்பு.

இன்னொன்று. கூட்டத்தில் யார் இருக்கிறார்கள்? நான் பார்த்த பெயர்ப் பட்டியல்களில் முக்கால்வாசி ஆண்கள். ஆனால் களை பிடுங்குவதும் வெங்காயம் நடுவதும் கட்டுவதும் பெண்கள். பல தோட்டக்காணிகள் அவர்களுக்குச் சீதனமாக வந்தவை. குடும்பமாகச் செய்யும் தோட்டத்துக்காக ஒரு தீர்மானம் எடுக்கும்போது குடும்பத்தில் ஒருவரை மட்டும் கேட்டால் போதாது.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் ஒரு சனசமூக நிலையத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வட்டாரத்தில் நின்ற மூன்று பேர் வந்தார்கள். நினைவுத் தூபியைப் பற்றி, அடையாளத்தைப் பற்றி நன்றாகப் பேசினார்கள், அதுவும் எங்களுக்கு வேண்டியதுதான். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழும்பி, "தம்பியவை, கழிவை எத்தினை மாதத்துக்குள்ளை நிப்பாட்டுவியள்?" என்று கேட்டார். ஒருவர் ஆறு மாதம் என்றார். ஒருவர் தலைவரோடு கதைத்துச் சொல்வதாகச் சொன்னார். மற்றவர், அப்படிக் கழிவு எடுப்பதே தனக்குத் தெரியாது என்றார். மூன்று பதிலையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்கினார்கள். யாருக்கும் ஆதரவுக் கடிதம் கொடுக்கவில்லை. எழுதியதை அப்படியே பிரதி எடுத்துச் சந்தி வாசிகசாலையில் ஒட்டிவிட்டார்கள்.

வடக்கு மாகாண சபைக்கு 2013 இல் நடந்ததுதான் கடைசித் தேர்தல். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. விவசாயப் போதனாசிரியர்கள் அந்தச் சபையின் ஆட்கள். ஒரு போதனாசிரியருக்கு எத்தனை கிராமம், வெற்றிடங்களை எப்போது நிரப்புவீர்கள், விதை உருளைக்கிழங்கு நடுகைக்கு முன் கைக்கு வருமா என்று கேட்கவேண்டிய இடம் அது. தேர்தல் அறிவித்த பிறகு ஓடித் திரியாமல், கேள்விகளை இப்போதே கூடி எழுதிவைக்கலாம். அந்தச் சனசமூக நிலையத்துக்காரர் அதே புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். முதல் கேள்வியை எழுதியது அந்த அம்மா.