த்ரெட் லிஃப்ட்: தமிழில் என்ன சொல்வது?

போன மாதம் அத்தையோடு நுங்கம்பாக்கத்தில் ஒரு தோல் சிகிச்சை நிலையத்துக்குப் போயிருந்தேன். கன்னம் தொய்ந்துவிட்டது, த்ரெட் லிஃப்ட் செய்துகொள்ளலாமா என்று கேட்கத்தான். கையில் ஒரு தமிழ்ப் படிவம் கொடுத்தார்கள். ‘அறுவையற்ற நூல் தூக்கு சிகிச்சைக்குச் சம்மதிக்கிறேன்.’ அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். “தூக்குன்னு போட்டிருக்கேடா!” என்றார். இந்தத் ‘தூக்கை’ விளம்பரப் பலகையிலும் துண்டறிக்கையிலும் எத்தனையோ முறை பார்த்துப் பொறுத்துக்கொண்டவன்தான். ஒரு நோயாளி கையெழுத்துப் போடும் தாளிலும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சிகிச்சை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரப்பு ஊசி போட்டு, நெற்றிப்பொட்டுப் பக்கமிருந்து மெல்லிய ஊசி வழியாகத் தோலுக்கு அடியில் இழைகளைச் செலுத்துவார்கள். இழையில் மீன்முள் போலச் சிறு கொக்கிகள் இருக்கும். அவை சதையைப் பற்றிக்கொள்ள, மேல்நோக்கி இழுத்து நிறுத்துவார்கள். 1990களில் ரஷ்யாவில் மார்லென் சுலமனிட்சே உருவாக்கிய இழைகள் கரையாதவை. இன்று அதிகம் பயன்படும் பாலிடயாக்சனோன், அறுவை சிகிச்சைத் தையலுக்குப் பயன்படும் அதே பொருள். ஆறு மாதம் போல ஆனதும் கரைந்துவிடும். ‘லிஃப்ட்’ பழைய நார்ஸ் மொழியில் காற்றையும் வானத்தையும் குறித்த வேரிலிருந்து வந்தது. மேலே உயர்த்துவதுதான் அதன் பொருள்.

சரி, ‘தூக்கு’க்கு வருவோம். பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல். அதன் பிறவினைதான் தூக்கு, தொங்கவிடு என்பது. கூட்டைத் தொங்கவிடுவது தூக்கணாங்குருவி. கன்னம் தொங்குகிறது என்று வருபவருக்கு, தொங்கவிடும் சொல்லையே மருந்தாக நீட்டுகிறோம்!

இலக்கணமும் உதைக்கிறது. பளு தூக்குதல், காவடி தூக்குதல், பல்லக்குத் தூக்குதல் இவற்றிலெல்லாம் முன்னால் நிற்பதுதான் தூக்கப்படும் பொருள். அந்த வழக்கப்படி ‘நூல் தூக்குதல்’ என்றால் யாரோ நூலைத் தூக்குகிறார்கள். மின்தூக்கி மட்டும் சரியா என்று கேட்கலாம். அது ஒரு கருவியின் பெயர், ‘தூக்கி’ என்றே முடிகிறது, அதைக் கேட்டு யாரும் பயப்படுவதில்லை. ‘தூக்கு’ என்று மொட்டையாக நின்றால் சென்னையில் எவருக்கும் இரண்டுதான் நினைவுக்கு வரும்: சாப்பாட்டுத் தூக்கு, தூக்குத் தண்டனை.

‘நூலேற்றம்’ என்று இன்னொரு ஆக்கமும் உலவுகிறது. காதுக்கு இனிமைதான். ஆனால் நூல் வெளியீடு, நூல் அறிமுகம், மின்னூல் என்று பழகிய கண்ணுக்கு அது புத்தகப் பதிவேற்றமாகத்தான் படும். ‘தோல் இறுக்கம்’ என்பது அதைவிடத் தப்பு. ரேடியோ அலைச் சூட்டால் தோலை இறுக்குவது வேறு சிகிச்சை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பணம் கட்டுபவர் எதற்குக் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டுவார்.

அத்தைக்குப் புரியவைத்தது அங்கிருந்த செவிலியர்தான். “தானா கரையுற தையல் இருக்குல்ல, அந்த மாதிரி நூலும்மா. தொய்ஞ்ச இடத்தை இழுத்துக் கட்டுவாங்க” என்றார். மொட்டைமாடியில் துணிக்கொடி தொய்ந்தாலும் நாம் இழுத்துத்தான் கட்டுகிறோம். எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு. மாவால் போடுவது மாவுக்கட்டு என்றால், இழையால் போடுவது ‘இழைக்கட்டு’. கட்டு என்பதற்கு உறுதி என்றும் பொருள் உண்டே: கட்டான உடம்பு, கட்டுக் குலையாத முகம். குலைந்த கட்டை மீட்பதுதானே இந்தச் சிகிச்சையின் வேலை? கட்டு என்றால் வெளியே போடுவது என்ற நினைப்பு வரலாம். ‘உள்’ சேர்த்து உள்ளிழைக்கட்டு என்று சொன்னாலும் எனக்குச் சம்மதமே.

‘அறுவையற்ற’ என்பதில் பிழையில்லை, கத்தி படுவதில்லை. அதையே ‘வலியற்ற’, ‘நிரந்தர’ என்று நீட்டும் மொழிபெயர்ப்பாளர்கள்மேல்தான் எனக்குக் கோபம். ஊசி குத்தினால் வீங்கும், கன்றிப்போகும், சிலருக்குக் கன்னத்தில் குழி விழும், அரிதாகச் சீழும் பிடிக்கும். பலனும் பெரும்பாலும் ஒரு வருடம், கொஞ்சம் கூடக்குறைய. அத்தை கொண்டுவந்த படிவத்தில் இவை எதுவும் தமிழில் இல்லை. அவ்வளவும் ஆங்கிலப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது.